வலிக்கிறது என்று சொல்லலாம்

(நெமிலிச்சேரியில் ஒரு ஞாயிறு மாலை, பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்த பிறகும் வந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். பின்வரிசைத் தம்பிகள் யாரும் முன்னால் வர வேண்டாம், அங்கிருந்தே கேளுங்கள். மகனுக்காக வந்திருக்கும் அம்மாக்கள் இரண்டு மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்கள். நான் சொல்லப்போகும் சில விஷயங்கள் காதுக்குக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூச்சம் பத்து நிமிடத்தில் போய்விடும்.

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருபத்து நான்கு வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரஷர். இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தது ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வயது இருபத்து மூன்று, அம்பத்தூரில் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு, கடைசி ஆளாக வந்தான். "மூலம் சார்" என்றான்.

மூலம் இல்லை. ஆசனவாய் வெடிப்பு. மூன்று மாதத்துப் புண், ஓரம் தடித்துப்போய் இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறான். ஒரு இடத்தில் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று மின்சார ரயில் பெட்டிகளில் துண்டுச்சீட்டு ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு இடம். ஏதோ ஊசி போட்டு, பணம் வாங்கி, இன்னும் புண்ணாக்கி அனுப்பியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் யாரும் அவனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு நான் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "வலிக்கும்னு தெரியும் சார். இது அப்படித்தான்னு நெனச்சேன்."

அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. இது அப்படித்தான் இருக்கும், ஆணை விரும்பும் ஆணுக்கு வலியும் ரத்தமும் விதித்தது, வாய் திறக்கக்கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அல்லது யாருமே எதுவுமே சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அது அப்படி இல்லை.

முதலில் சொற்கள். தமிழில் இதைப் பற்றிப் பேச ஒரு மனிதனுக்கு என்ன சொல் இருக்கிறது? தெருவில் கிடைப்பது வசைச்சொல். பத்திரிகையில் பல வருடம் எழுதியது 'ஓரினச்சேர்க்கை'. அது ஒரு செயலை மட்டும் சொல்கிறது, அந்த ஆளின் மனதை விட்டுவிடுகிறது. ஆங்கிலம் தெரிந்தவர் 'கே' என்கிறார். தெரியாதவர்களுக்குள் கோத்தி, பந்தி, டபுள் டெக்கர் என்று தனிப் பேச்சு உண்டு, அது வெளியே வராது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்களின் வழக்கு நடந்தது. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். நீதிபதி நாற்காலியில் இருப்பவர் அப்படிச் செய்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நான் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். உங்கள் வாயில் வேறு சொல் எளிதாக வந்தால் அதையே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 'ஆசனவாய்' என்ற சொல்லை இன்று பலமுறை சொல்வேன். மூக்கு, முழங்கால் மாதிரி அதுவும் ஒரு உறுப்பு.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தன்பாலீர்ப்பு உள்ள ஆண்கள் எல்லாரும் ஆசனவாய் உறவு கொள்வதில்லை. பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டியணைப்பும் கையும் வாயும் போதும் என்று வாழ்நாள் முழுக்க இருக்கிறார்கள். 'இது இல்லாவிட்டால் நீ கே இல்லை' என்று யாராவது சொன்னால் அவரோடு இருக்க வேண்டாம்.

விருப்பம் உள்ளவர்களுக்கு இப்போது உடலைப் பற்றிச் சொல்கிறேன். ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் உண்டு. வெளிவளையம் நம் சொல்லைக் கேட்கும். இறுக்கு என்றால் இறுகும், விடு என்றால் விடும். உள்வளையம் நம் சொல்லைக் கேட்காது. அது தானாக இயங்கும் தசை. பயந்தால், அவசரப்பட்டால், யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் இறுகித்தான் இருக்கும். நம் ஊரில் இரண்டு ஆண்களுக்குப் பூட்டக்கூடிய ஒரு அறை கிடைப்பதே கஷ்டம். லாட்ஜில் ஒரு மணி நேரம், நண்பன் ஊருக்குப் போன நாளில் அவன் அறை, அவுட்டர் ரிங் ரோடு ஓரத்து இருட்டு. அந்தப் பதற்றத்தோடு போகிற உடம்பு எப்படி இளகும்? என்னிடம் வரும் புண்களில் பாதி அவசரத்தால் வந்த புண்.

அந்தத் தசைக்கு நேரம் கொடுங்கள். முதலில் நகம் வெட்டிய ஒரு விரல், நிறைய வழுவழுப்பு ஜெல். அது வசதியாக இருந்த பிறகுதான் மற்றது. உள்வாங்குபவர் கையில்தான் வேகம் இருக்க வேண்டும். அவர் மேலே இருக்கும் நிலையோ, ஒருக்களித்துப் படுக்கும் நிலையோ தொடக்கத்தில் எளிது. மலம் கழிக்கும்போது முக்குவது போல மெல்ல முக்கினால் வெளிவளையம் விடும். மூச்சை அடக்காமல் விட வேண்டும். கூர்மையாக வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். 'கொஞ்சம் பொறு, சரியாகிவிடும்' என்பது தவறு. வெளியே எடுத்து, பொறுத்திருந்து, இன்னும் ஜெல் போட்டு, அவருக்கு விருப்பம் இருந்தால் மறுபடி. இல்லையென்றால் இன்று வேண்டாம். எத்தனை வருட உறவாக இருந்தாலும் அந்த 'வேண்டாம்' செல்லும்.

வலி தெரியாமலிருக்கச் சிலர் மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆசனவாயின் கீழ்ப்பகுதி விரல்நுனி போல உணர்ச்சி மிகுந்தது. மூன்று நான்கு சென்டிமீட்டர் தாண்டினால், அதே அளவுக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. உள்ளே கிழிந்தால் சில சமயம் தெரியவே தெரியாது. வாசலில் இருக்கும் வலிதான் நமக்கு இருக்கும் ஒரே காவல். அதையும் களிம்பு போட்டு அணைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அளவு மீறிய குடியும் அதே வேலையைத்தான் செய்யும். அதோடு, 'பாப்பர்ஸ்' என்று சிறு பாட்டிலில் வருவதை முகர்கிறார்கள். அதையும் விறைப்புக்கான சில்டனாபில் மாத்திரையையும் சேர்த்தால் ரத்த அழுத்தம் திடீரென விழுந்து ஆள் போய்விடலாம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை பயன்படுத்தும் பெரியவர்களுக்கும் சில்டனாபில் கூடவே கூடாது. கடைக்காரர் கேட்காமல் கொடுப்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜெல் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். மலக்குடலின் உட்புறம் ஒற்றை அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம். உறவுக்கு வேண்டிய ஈரத்தை அது சுரக்காது. வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். எச்சில் நிமிடத்தில் காய்ந்துவிடும். சோப்பும் ஷாம்பூவும் எரிக்கும். நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு. நம் தலைக்கும் தோலுக்கும் நல்லதுதானே என்று நினைப்போம். ஆனால் ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில், எந்த எண்ணெய்ப்பசை பட்டாலும் சில நிமிடங்களில் அதன் வலு போய்விடும். கண்ணுக்கு முழுசாகத்தான் தெரியும், நடுவில் கிழியும். 'காண்டம் போட்டேன் சார், எப்படியோ கிழிஞ்சுபோச்சு' என்று வந்தவர்களை விசாரித்தால் பலரிடம் எண்ணெய்தான் பதில். மருந்துக்கடையில் 'லூப்ரிகண்ட் ஜெல்' என்று கேளுங்கள். நீரில் கரையும் ஜெல், சிலிக்கான் ஜெல் இரண்டும் ஆணுறையோடு ஒத்துப்போகும். நீர் ஜெல் காய்ந்தால் மறுபடி போட வேண்டும், சிலிக்கான் நீண்ட நேரம் நிற்கும். போதும் என்று தோன்றும் அளவைவிட இரண்டு மடங்கு போடுங்கள்.

சுத்தம். இந்தக் கவலையில் பிள்ளைகள் உடம்பைப் பாழாக்கிக்கொள்கிறார்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுகிறார்கள், டெட்டால் கலக்கிறார்கள், எலுமிச்சை பிழிகிறார்கள். அந்தப் படலம் உரிந்துபோகும், கிருமிக்கு வாசல் திறந்துவிட்டது மாதிரி. உண்மையில் கீரையும் வாழைப்பழமும் பயறும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, காலையில் நன்றாக மலம் கழிப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேவையில்லை. வெளியே தண்ணீரில் கழுவினால் போதும். மனம் ஒப்பவில்லையென்றால், ரப்பர் பல்பில் கொஞ்சம் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், மெதுவாக, அதுவும் எப்போதாவது. அது குடல், கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து முகம் சுளிக்காத துணை வேண்டும்.

புண் வந்துவிட்டால் ஒரு பேசினில் வெந்நீர், கை பொறுக்கும் சூடு, அதில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. மலம் இளக இசப்கோல். ஆறும்வரை உறவு வேண்டாம், சில வாரங்கள் ஆகும். ரத்தம் நிற்காமல் போனால், காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தால், உள்ளே ஏதாவது மாட்டிக்கொண்டால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளி வந்து குடல் கிழிந்த நிலையில் படுத்தவரைப் பார்த்திருக்கிறேன். அவசரப் பிரிவு மருத்துவர்கள் இதையெல்லாம் எத்தனையோ முறை பார்த்தவர்கள்.

இனி கிருமிகள். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் ஓடும் இந்த ரயில் பாதைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, மயிலாப்பூரில் ஒரு காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடமிருந்து ரத்தம் சேகரித்தார். சோதிக்கும் வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. ஐஸ் பெட்டியில் ரத்த மாதிரிகளோடு, கணவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரவு ரயிலில் காட்பாடி போனார். ஆவடி, அரக்கோணம் வழியாகச் செல்லும் இதே தடம். ஆறு மாதிரிகளின் நிறம் மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களிடம் எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லப்படவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. அவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்று சட்டம் வேறு. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ விரட்டக்கூடாது. அதற்கு நான்கு நாள் முன்னால், செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இரு ஆண்கள் மனமொப்பி உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் பற்றிச் சொல்லியிருந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமா என்று இன்னும் கேட்கிறார்கள். வராது.

எச்.ஐ.வி.யில் யாருக்கு எவ்வளவு ஆபத்து? மருந்து எடுக்காத, கிருமி உள்ள ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால், உள்வாங்குபவருக்கு 10,000 முறைக்கு ஏறத்தாழ 138 முறை தொற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உட்செலுத்துபவருக்கு ஏறத்தாழ 11. இரண்டுமே பூஜ்யம் இல்லை. 'நான் ஆம்பள பக்கம், எனக்கு ஒண்ணும் வராது' என்று சொல்லும் தம்பிகள் அந்த 11-ஐ நினைவில் வைக்க வேண்டும்.

தடுக்க வழிகள் இப்போது பல. ஆணுறையும் ஜெல்லும் முதலில். அடுத்தது பிரெப் என்ற முன்தடுப்பு மாத்திரை. டெனோபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்தது. தினமும் ஒன்று. தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்து, சிறுநீரகத்தையும் ஹெபடைடிஸ் பி-யையும் பார்க்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை. ஆணுறை கிழிந்துவிட்டதா, பலவந்தம் நடந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே, அரசு மருத்துவமனைக்குப் போய் 'பெப்' கேளுங்கள். 28 நாள் மாத்திரை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

தொற்றிவிட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்தப் பேச்சிலேயே எனக்கு மிகவும் பிரியமான பகுதி. ஒருவருக்குக் கிருமி இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளை வைத்து ஒன்பது நாடுகளில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 2011இல் முடிவு வந்தது. உடனே கூட்டு மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. அந்த ஆராய்ச்சியின் மையங்களில் ஒன்று சென்னை. சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அதை நடத்தியது. அதில் பெரும்பாலும் ஆண்-பெண் ஜோடிகள். பிறகு ஐரோப்பாவில் ஆண்-ஆண் ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. ஆணுறை இல்லாமல் எழுபதாயிரம் தடவைக்கு மேல் உறவு கொண்டும், மருந்தால் கிருமி ரத்தத்தில் தெரியாத அளவுக்குக் குறைந்திருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒருவருக்கும். மருந்தை விடாமல் சாப்பிட்டு, கிருமியின் அளவு தெரியாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உறவின் வழியாக எச்.ஐ.வி. பரவாது. இதைச் சொன்னதும் என் அறையில் இரண்டு ஆண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நாலு வருடமாக ஒருவரை ஒருவர் தொடப் பயந்தவர்கள். மருந்து அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம்.

சோதனைக்குப் பெரிய அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் உண்டு. 1097 இலவசத் தொலைபேசி, தமிழில் பேசலாம். பலரோடு உறவு உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள். வெட்டை நோயும் கிளமிடியாவும் தொண்டையிலும் மலக்குடலிலும் ஒரு அறிகுறியும் இல்லாமல் குடியிருக்கும். சிறுநீரை மட்டும் சோதித்தால் தெரியாது, தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சு வைத்து எடுக்க வேண்டும். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, உள்ளே வந்தால் கண்ணுக்கும் தெரியாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று ஊசி, முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். முப்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தையில் போட்டிருக்க மாட்டார்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசியும் ஆண்களுக்கு உண்டு.

கல்யாணமானவர்களிடம் ஒரு சொல். நம் ஊரில் வீட்டாரின் கண்ணீருக்குப் பணிந்து மணமுடித்தவர்கள் எத்தனையோ பேர். உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனைவிக்குத் தன் ஆபத்து என்னவென்றே தெரியாது. அவரிடம் எதுவும் சொல்ல முடியாவிட்டாலும் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், ஆணுறையை விடாதீர்கள். இங்கே இருக்கும் அப்பா அம்மாக்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். 'ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாக்காதீர்கள். மாற்றிவிடுகிறேன் என்று பணம் வாங்கும் எந்த வைத்தியரிடமும் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். அப்படிச் 'சிகிச்சை' செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் அறிவித்துவிட்டது.

இளம் மருத்துவர்கள் இரண்டு பேர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடைசியாக அவர்களுக்கு. நீங்கள் கேட்காவிட்டால் உங்களிடம் வருபவர்கள் 'மூலம்' என்றுதான் சொல்வார்கள். யாரைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது என்று ஊகித்துக் கேட்காதீர்கள், எல்லாரிடமும் கேளுங்கள். "இத நான் எல்லார்கிட்டயும் கேப்பேன். உங்களுக்கு உறவு பெண்களோடவா, ஆண்களோடவா, ரெண்டு பேரோடயுமா?" அவ்வளவுதான். குரல் மாறக்கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கும் அதே குரல்.

இப்படிக் கேட்கத் தொடங்கிய முதல் வருடம், உள்ளங்கையில் தேமல் போல ஏதோ வந்திருக்கிறது என்று ஒரு பெரியவர் வந்தார். வயது அறுபத்தொன்று, பேரன் எடுத்தவர். கேட்கலாமா வேண்டாமா என்று நானே தயங்கினேன். கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருஷத்துல யாருமே கேட்டதில்ல டாக்டர்" என்றார். ரத்தம் எடுத்தோம், சிபிலிஸ். எத்தனை நாளாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாததால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி எழுதினேன். முதல் வாரமும் இரண்டாவது வாரமும் தனியாக வந்தார். மூன்றாவது வாரம், வேட்டி கட்டிய, அவர் வயதே இருக்கும் இன்னொருவரையும் கூட்டி வந்தார். சிநேகிதர் என்றார். அவருக்கும் ரத்தம் எடுத்தோம்.